எந்த ஈரல்

கிள்ளான் பண்டமாரானில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி. அதன் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் தங்கமணிக்குச் செத்துப்போன புருஷனோடு தினமும் காலையில் ஒரு பேச்சு உண்டு. கிரில் கதவைத் திறந்துவைத்து, நடைவழியில் வெயில் வந்து விழுகிற நேரத்தில் அவர் குரல் கேட்கும்.

"மணி, கண்ணப் பாரு."

கையில் துடைப்பம் இருந்தால் துடைப்பத்தோடு, கோப்பி டம்ளர் இருந்தால் டம்ளரோடு, திரும்பிக்கூடப் பார்க்காமல் இவள் பதில் சொல்வாள்.

"வெள்ளையாத்தான் இருக்கு. போய் வேலையப் பாருங்க."

அதோடு பேச்சு முடிந்துவிடும். பேய் என்று பெயர் வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும், தங்கமணி வைத்ததில்லை. பாசாருக்கு நேரத்தோடு போகவேண்டியவளுக்குப் பேய்க்கெல்லாம் பயப்பட ஏது நேரம்? பக்கத்து வீட்டு மாரியாயிதான் ஒருமுறை கேட்டுவிட்டு, "யாருகிட்டக்கா பேசுறே?" என்றாள். "வீட்டுக்காரர்கிட்ட" என்று இவள் சொன்னாள். மாரியாயி அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க வாசலில் சாம்பிராணி போட்டாள்.

அவர் உயிரோடு இருந்த காலத்தில் ஆரம்பித்த வழக்கம் இது. பரமேஸ்வரன் லோரி ஓட்டியவர். பந்திங் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலைகளை ஏற்றி மில்லில் கொண்டுபோய் இறக்குவது வேலை. ஒரு மழை நாளில் வளைவில் லோரி சாய்ந்து, ஸ்டீரிங் அவருடைய இடது விலாவில் இடித்தது. ஆஸ்பத்திரியில் உடனே வயிற்றைக் கிழித்தார்கள். ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்கவேண்டிய தங்கமணி அன்றைக்கு வீட்டைவிட்டு நகரவில்லை. மகள் தாமரைக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை கண்ட பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் படி இறங்கக் கூடாது, அதுவும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். அதனால் அவருடைய தம்பி ராஜன்தான் போனான். டாக்டரிடம் பேசினான். திரும்பி வந்தவன், வேப்பிலை கட்டிய கிரில்லுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு செய்தி சொன்னான்.

"அண்ணி, உசுருக்குப் பயமில்ல. ஈரல்ல அடி. ஈரல எடுத்துட்டாங்களாம். இனிமே காய்ச்சல் கீய்ச்சல் வந்தா விடக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு."

இவள் உள்ளேயிருந்து கையெடுத்துக் கும்பிட்டாள். உயிருக்குப் பயமில்லை என்பதற்கு மேல் அவள் காதில் அப்போது எதுவும் ஏறவில்லை.

நம் தமிழில் ஈரலுக்கு மூன்று பிள்ளைகள். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல். பள்ளிக்கூடத்துப் பாடத்தில் மூன்றும் தனித்தனியாக, ஒழுங்காக நிற்கும். வீட்டில் அடுப்படியில் ஈரல் என்றால் ஒன்றே ஒன்றுதான். மிளகு போட்டு வறுப்பார்களே, அது. ஈரல் கெட்டால் என்ன வரும் என்று ஐந்து வயதுப் பிள்ளையைக் கேட்டாலும் மஞ்சக்காமாலை என்று சொல்லும். இப்படியாக ராஜன் சொன்ன "காய்ச்சல்", கிரில்லைத் தாண்டி வீட்டுக்குள் வருவதற்குள் மஞ்சக்காமாலை ஆகிவிட்டது. ஈரலே இல்லாமல் ஒரு மனுஷன் எப்படி நடமாடுகிறான் என்று யாரும் யோசிக்கவில்லை. மாரியாயி மட்டும் ஒருநாள் கேட்டாள். "கொஞ்சம் விட்டு வெச்சிருப்பாங்க" என்று ராஜன் சொன்னான். அவன் சொன்னதில் எல்லோருக்கும் திருப்தி.

பிறகு அந்த வீடு மஞ்சள் நிறத்துக்கு எதிராக ஒரு போரே நடத்தியது. கட்டடத்துக்குப் பின்னால் வேலி ஓரத்தில் முளைத்த கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி அவருக்குக் கொடுத்தார்கள். எண்ணெய்ப் பலகாரம் நின்றது. பீர் நின்றது, அதில் தங்கமணிக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அவர் கிரில் பக்கம் வந்து வெளிச்சத்தைப் பார்த்து நிற்பார். லைட் வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாதாம், வெயில்தான் வேண்டுமாம். "மணி, கண்ணப் பாரு." இவள் கட்டை விரலால் அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்ப்பாள். வெள்ளையாக இருக்கும். இருவரும் சிரிப்பார்கள். புருஷன் பெண்சாதி ஒருவர் முகத்தை ஒருவர் அவ்வளவு பக்கத்தில் பார்க்க அந்த வீட்டில் வேறு நேரம் கிடையாது. தாமரை பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு இதைத் தினமும் வேடிக்கை பார்ப்பாள். இப்படியே வருஷங்கள் ஓடின.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் லோரியைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்துவிட்டார். பல் கிடுகிடுவென்று அடித்தது. உள்ளே வந்து படுக்காமல் கிரில் ஓரத்து வெளிச்சத்தில் உட்கார்ந்து, "மணி, கண்ணப் பாரு" என்றார். இவள் பதறிப்போய் இமையை இழுத்துப் பார்த்தாள். பாலைப் போல வெள்ளை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஒண்ணுமில்லங்க. சாதாரண காய்ச்சல்தான்" என்றாள். அவரும் பெருமூச்சு விட்டார். பனடால் மாத்திரை இரண்டு, கொஞ்சம் கஞ்சி, மேலே ஒரு கம்பளி. "ஈரல் தப்பிச்சிச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

சாயங்காலம் எழுப்பினால் பேச்சு குழறியது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஓடினார்கள். மறுநாள் விடிவதற்குள் முடிந்துவிட்டது. ரத்தத்தில் கிருமி என்றார்கள். ராஜன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். இவ்வளவு காலம் காப்பாற்றியும் விதி வேறு வழியில் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். தங்கமணியும் அதைத்தான் நம்பினாள். தன் பங்குக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் கண்ணைப் பார்த்தோமே என்பது ஒன்றுதான் அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் பாசாரில் நிஜாம் பாயின் ஆட்டுக்கறிக் கடையில் சேர்ந்தாள். குடல் கழுவுவது, தலை சுடுவது, உள்ளுறுப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பது. முதல் நாளே பாய் கருஞ்சிவப்பாக, நாக்கைப் போல நீளமாக ஒன்றைக் கையில் கொடுத்து, "இத ஈரலோட சேக்காதே தங்கமணி. இது சுவரொட்டி. புள்ளத்தாச்சிங்க கேட்டு வருவாங்க, ரத்தம் ஊறும்" என்றார். சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளுமாம், அதனால் அந்தப் பெயராம். இவள் எறிந்து பார்த்ததில்லை. ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் அதற்கு எப்போதும் போட்டி இருக்கும். முகம் வெளுத்துப்போன பெண்பிள்ளை யாராவது வந்தால் பாய்க்குத் தெரியாமல் ஒன்றைப் பொட்டலத்தில் சேர்த்துவிடுவாள். பாய்க்குத் தெரியும். தெரியாததுபோல இருப்பார்.

தாமரை படித்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பயண ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஒரு வீடும் பிடித்துக்கொண்டாள். "என்கூட வந்துரும்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். இவள் போகவில்லை. காலை வெயில் விழுகிற அந்தக் கிரில்லை விட்டுவிட்டு எங்கே போவது?

பிறகு சாப்பாடு இறங்காமல் போயிற்று. இரண்டு வாய் சோறு உள்ளே போனாலே நெஞ்சில் நின்றது. சட்டை தொளதொளத்தது. பாய்தான் திட்டி அனுப்பினார். கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் குழாய் விட்டுப் பார்த்து, வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். ஊரிலுள்ள ஆட்டு வயிற்றையெல்லாம் கழுவியவளுக்குத் தன் வயிற்றுக்குள் என்ன வளர்ந்தது என்று தெரியவில்லை. இதைத் தங்கமணியே சொல்லிச் சிரித்தாள். தாமரை சிரிக்கவில்லை.

அறுவை டாக்டரின் பெயர் அனுப்பிரியா. ஈப்போக்காரர், சின்ன வயசு, நிதானமான பேச்சு. தமிழ் நன்றாகவே பேசுவார். உடம்புக்குள் இருக்கிற சாமான்களுக்கு மட்டும் அவரிடம் தமிழ்ப் பெயர் கிடையாது. படித்ததெல்லாம் வேறு பாஷையில், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

"ஆன்டி, வயிறு முழுக்க எடுக்கணும்னு போன தடவையே பேசிட்டோம். இன்னிக்கு இன்னொண்ணு கேக்கணும். உங்க கட்டி மேல் பக்கத்துல, இடது ஓரத்துல இருக்கு. அதுக்குப் பக்கத்துலயே ஒரு ஆர்கன் இருக்கு. ஸ்ப்லீன்."

"அது என்னம்மா?"

டாக்டர் கைப்பேசியில் தேடி, எழுத்துக் கூட்டி வாசித்தார். "மண்... ணீரல்."

"எந்த ஈரல்?"

டாக்டர் ஒரு தாளை எடுத்து, சாய்ந்த பை ஒன்று வரைந்தார். அதன் இடது பக்கத்தில் ஒட்டினாற்போல நீளமாக ஒன்றை வரைந்து பேனாவால் கறுப்பாக்கினார். தங்கமணி ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"இது சுவரொட்டிதான்லா. ஆட்டுலயும் இப்படித்தான், வயித்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கும்."

"சுவரொட்டி" என்று டாக்டர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சரி, அதான். முன்னெல்லாம் இந்த இடத்துல கட்டின்னா அதையும் சேத்தே எடுத்துருவாங்க. அப்புறம் எடுத்தவங்களையும் எடுக்காதவங்களையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க. எடுத்ததால ஆயுசு ஒண்ணும் கூடல, தொந்தரவுதான் கூடிச்சு. அதனால இப்ப காரணம் இல்லாம அதத் தொடுறதில்ல. உங்களுக்கும் விட்டுட்டு வரத்தான் பாப்பேன். ஆனா உங்க கட்டி அதுமேல சாஞ்ச மாதிரி இருக்கு. ஒட்டியிருக்கா இல்லையான்னு தொறந்து பாத்தாதான் தெரியும். ஒட்டியிருந்து நான் எடுக்காம வந்தா, கட்டியில கொஞ்சம் உள்ளேயே தங்கிரும். அப்படி இருந்தா எடுக்கலாமா? நீங்கதான் சொல்லணும்."

"எடுத்தா என்ன ஆகும்?"

"அது இல்லாமலும் வாழலாம். ஆனா அது ரத்தத்துல வர்ற கிருமியப் பிடிச்சு வைக்கிற எடம். அது இல்லாதவங்களுக்குக் காய்ச்சல் வந்தா அது சாதாரண காய்ச்சல் இல்ல ஆன்டி. பனடால் போட்டுப் படுத்துரக் கூடாது. உடனே எமர்ஜென்சிக்கு வந்துரணும். சில பேருக்கு ஒரே நாள்ல முடிஞ்சிரும்."

தங்கமணி அந்தப் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு லோரி ஆக்சிடென்ட்ல ஈரல் எடுத்தாங்க. அப்புறமும் வருஷக்கணக்கா நல்லாத்தான் இருந்தாரு."

"ஈரல்னா லிவரா? லிவர எடுத்துட்டா ஆள் இருக்க முடியாதே. எந்தப் பக்கம் அடி?"

"இடது பக்கம்."

"இந்த ஸ்ப்லீனத்தான் மலாய்ல லிம்பாம்பாங்க. அப்படியா சொன்னாங்க?"

அந்தச் சொல்லை அவள் முன்பே கேட்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் பரமேஸ்வரன் கூட்டாளி ஒருவனிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார். "லிம்பா போச்சுடா, ஆனா ஆள் இருக்கேன்." லோரியில் ஏதோ ஒரு பாகம் போய்விட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. "அவர் எப்படி இறந்தாரு ஆன்டி?"

"காய்ச்சல்" என்றாள் தங்கமணி.

கூட வந்திருந்த தாமரை சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். டாக்டர் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். 

"அத எடுக்க வேணாம்" என்றாள் தங்கமணி. "ஒட்டியிருந்தாலும் சரி, ஒட்டாட்டியும் சரி. அத மட்டும் தொடாதீங்க."

"இன்னிக்கே முடிவு வேணாம். அடுத்த வாரம் தடுப்பூசி போட வாங்க. ஒருவேளை எடுக்க வேண்டி வந்தா முன்னாடியே போட்டிருக்கணும், அந்த ஊசி. போட்டு வெச்சுக்குவோம். அப்ப சொல்லுங்க."

கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பும்போது தாமரை மெதுவாகச் சொன்னாள். "அப்பாவுக்கு நடந்தது வேறம்மா."

"என்ன வேற?"

தாமரை சொல்ல வந்ததைச் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று தங்கமணிக்குத் தெரியாமல் இல்லை.

மறுநாள் காலையில் கிரில்லைத் திறந்தாள். வெயில் விழுந்தது.

"மணி, கண்ணப் பாரு."

இவளுக்குப் பதில் வரவில்லை. இத்தனை வருஷம் நாக்கு நுனியில் இருந்த பதில் அது. வெள்ளையாத்தான் இருக்கு. அந்த வார்த்தையைச் சொல்லித்தானே அவரைத் திரும்பிப் படுக்க வைத்தாள். கிரில்லை இழுத்துச் சாத்தினாள். குரல் போகவில்லை. சமையலறையில் பாத்திரம் கழுவும்போது கேட்டது. துணி காயப்போடும்போது பின்னால் கேட்டது. முன்பெல்லாம் ஒருமுறை கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இப்போது போக மறுத்தார். அவளுக்கு முதல்முறையாக அந்த வீட்டில் இருக்கப் பயமாக இருந்தது.

பயத்தில் பாசாருக்குப் போனாள். கனமான வேலை எதுவும் செய்யக் கூடாது என்று பாய் சொல்லியிருந்தார், அதனால் சும்மா பிரித்து வைக்க உட்கார்ந்தாள். முதல் ஆட்டின் சுவரொட்டி கைக்கு வந்தது. வழுவழுவென்று, இன்னும் சூடு ஆறாமல் இருந்தது. புருஷனுக்கு இல்லாமல் போனது இதுதான். இதை எத்தனை ஊர்ப் பெண்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இத்தனை வருஷமும் அவர் காலையில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்து, நாளெல்லாம் இதைத்தான் கையில் வைத்திருந்தாள்.

"என்ன தங்கமணி, வெச்ச கை வெச்ச மாதிரி நிக்குது" என்றார் நிஜாம் பாய்.

"ஒண்ணுமில்ல பாய். கை மரத்துப்போச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை ராஜன் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து பார்க்க வந்தான். தலை முழுக்க நரைத்து, முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி, ஒரு பை நிறைய ஆப்பிளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். வயிறே போகப் போகிறவளுக்கு ஆப்பிள். உட்கார்ந்ததும் அண்ணன் படத்தைப் பார்த்துக் கண் கலங்கினான். எப்போது வந்தாலும் அப்படித்தான்.

"தம்பி, அன்னிக்கு ஆக்சிடென்ட் ஆனப்ப டாக்டர் என்ன சொன்னாரு?" என்று தங்கமணி கேட்டாள்.

"அதெல்லாம் மறக்குமா அண்ணி. சீன டாக்டரு. மலாய்லதான் பேசினாரு. லிம்பா உடஞ்சிருச்சு, எடுத்துட்டோம், டெமாம், அதான் காய்ச்சல், வந்தா உடனே கொண்டு வந்துரணும்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. நான் வந்து உங்ககிட்ட அப்படியே சொன்னேனே."

"சொன்னே."

"ஏன் அண்ணி கேக்கறீங்க? லிம்பான்னா ஈரல்தானே?"

ராஜன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் சாவுக்குப் பிறகு அவளுடைய வீட்டு வாடகையிலிருந்து தாமரையின் படிப்புவரை தன் பிள்ளைகளுக்குச் செய்வதுபோலச் செய்தவன். ஒரு சொல், அதுவும் தப்பான சொல்கூட இல்லை, அரைச் சொல். கிரில்லுக்கு வெளியே நின்று அவன் அதைப் போட்டான், உள்ளே நின்று இவள் வாங்கிக்கொண்டாள். இப்போது அதை எடுத்து அவன் தலையில் வைத்தால் அந்த முழங்காலோடு படி இறங்குவானா?

"ஆமா, ஈரல்தான்" என்றாள். "கோப்பி போடட்டுமா?"

அவன் போன பிறகு நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தன் முடிவைத் தானே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அதைத் தொடாதீங்க என்று டாக்டரிடம் சொன்னது எதற்காக? சாவுக்குப் பயந்து இல்லை. சுவரொட்டி இல்லாதவன் சாகத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டால், பரமேஸ்வரன் செத்ததில் யாருக்கும் பங்கு இல்லை. விபத்தன்றைக்கே பாதி செத்துவிட்டார், மீதி பிறகு. ஆனால் இவள் இப்போது எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால், அது இல்லாமலும் வாழலாம் என்று ஒப்புக்கொண்டதாகும். காய்ச்சலைக் கவனித்தால் போதும் என்றாகும். அப்படியென்றால் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவரைப் பிழைக்க வைத்திருக்கலாம். அவர் கிரில் ஓரத்தில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டு இருந்தார், நெற்றி கொதித்தது, இவள் கண்ணைப் பார்த்தாள். தன் கையை நல்ல கையாக வைத்துக்கொள்வதற்காகக் கட்டியில் கொஞ்சத்தை உள்ளே விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறாள்.

"மணி, கண்ணப் பாரு" என்றது குரல்.

சரி, அந்தக் கொஞ்சம் வளர்ந்து தான் செத்தால் என்ன ஆகும் என்று யோசித்தாள். தாமரை இருப்பாள். அம்மாவிடம் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே, கட்டாயப்படுத்தியிருக்கலாமே என்று அந்தப் பிள்ளை பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் உட்கார்ந்து நினைக்கும். தினமும் காலையில் ஒரு குரல் கேட்கும். அது தன் குரலாக இருக்கும். கூப்பிட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே ஒரு ஆயுசைக் கழிப்பது எப்படி இருக்கும் என்று தங்கமணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நான் தப்பான எடத்தப் பாத்துட்டேங்க" என்று அவள் வெயிலைப் பார்த்துச் சொன்னாள். சத்தமாகவே சொன்னாள். மாரியாயி வீட்டு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது. அவரிடமிருந்து பதில் இல்லை. அவள் அழுதாள். சாவன்றைக்குக்கூட அப்படி அழுததில்லை.

ஊசி போடப் போன நாளில் டாக்டரிடம் சொன்னாள். "ஒட்டியிருந்தா எடுத்துருங்கம்மா. ஒட்டலேன்னா விட்டுருங்க."

"சரி ஆன்டி" என்றார் டாக்டர். ஏன் மனசு மாறியது என்று கேட்கவில்லை. அது நல்ல டாக்டருக்கு அழகு.

அறுவை முடிந்து நினைவு திரும்பியபோது தாமரை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கமணி உதட்டை அசைத்தாள். தாமரைக்குக் கேள்வி புரிந்தது. "எடுத்தாங்கம்மா. ஒட்டியிருந்துச்சாம். கட்டிய முழுசா எடுத்தாச்சுன்னு டாக்டர் சொன்னாங்க." தங்கமணி இடது விலாமேல் கையை வைத்துக்கொண்டு மறுபடியும் தூங்கினாள். புருஷனுக்கு எங்கே வெறுமையோ அங்கேயே தனக்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவ்வளவு நெருக்கமாக அவரோடு இருந்ததில்லை என்று தோன்றியது, அந்த நினைப்பில் உடம்பு குளிர்ந்தது.

பண்டமாரானுக்கு அனுப்ப முடியாது என்று தாமரை பிடிவாதமாகப் பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தங்கமணி இத்தனூண்டு இத்தனூண்டாகச் சாப்பிடக் கற்றுக்கொண்டாள். அந்த வீட்டில் ஜன்னல் வேறு பக்கம், வெயில் சாயங்காலம்தான் வரும். குரல் அங்கே வரவில்லை. நிம்மதி என்று சொல்லலாம். ஆனாலும் காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ரயில் சத்தமும், கீழே கடைக்காரர்கள் கதவைத் தூக்கும் சத்தமும்தான் கேட்கும்.

தையல் ஆறி, தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு விடுமுறை நாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தங்கமணிக்கு முதுகுத்தண்டில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. போர்வையைச் சுற்றிக்கொண்டாள். பல் அடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும், வேறொருவர் வாயிலிருந்து கேட்ட சத்தம். "தாமரை" என்று கூப்பிட்டாள்.

தாமரை ஓடிவந்தாள். டாக்டர் சொன்னது, அப்பா கதை, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஊசி விவரமெல்லாம் மனப்பாடம். ஆனாலும் கை தனக்குத் தெரிந்ததைத்தான் முதலில் செய்தது. அம்மாவை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கட்டை விரலால் கீழ் இமையை இழுத்தது. பள்ளிக்கூடப் பையோடு நின்று தினமும் பார்த்துப் பழகிய கை.

தங்கமணி அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்து, தன் நெற்றியில் வைத்தாள்.

"கண்ணப் பாக்காதடி. இங்க தொட்டுப் பாரு."

தாமரையின் முகம் மாறியது. கார் சாவியை எடுத்தவள் செருப்பை மாட்ட மறந்தாள்.

எமர்ஜென்சியில் கூட்டம். முகப்பில் இருந்த தாதி கணினியில் எதையோ தட்டிக்கொண்டே, என்ன பிரச்சினை என்று மலாயில் கேட்டாள். தாமரை வெறுங்காலோடு நின்று மலாயிலேயே சொன்னாள். "லிம்பா தா அடா. டெமாம்." லிம்பா இல்லை, காய்ச்சல். அவ்வளவுதான் சொன்னாள். தாதி தட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்தாள். உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டாள். சக்கர நாற்காலி வந்தது, வரிசையில் இருந்தவர்களைத் தாண்டி வண்டி உள்ளே போனது, போகிற வழியிலேயே ஒருவர் தங்கமணியின் கையில் ஊசிக்கு நரம்பு தேட ஆரம்பித்துவிட்டார்.

கதவு தாண்டும்போது தங்கமணி இடது பக்கம் தலையைத் திருப்பினாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

"கேட்டீங்களா?" என்றாள். "ரெண்டே வார்த்தைதாங்க."

யாரிடம் பேசுகிறாள் என்று தாமரை கேட்கவில்லை. அம்மாவின் நெற்றியிலிருந்து கையை எடுக்காமல் வண்டியோடு கூடவே ஓடினாள்.